கம்மி பட்ஜெட்ல டூரிங் சைக்கிள்: ஃபிரேம்ல நிஜமாவே பாக்க வேண்டியது என்ன

ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர், பின்னாடி பையெல்லாம் கட்டிக்கிட்டு, மறுநாள் காலைல எந்திரிச்சு திரும்பவும் ஓட்டணும். இதுக்கு சைக்கிள் தேட ஆரம்பிச்சா முதல்ல வந்து நிக்கிற கேள்வி ஸ்டீலா அலுமினியமா. ஸ்டீல்னா ரோட்டு அதிர்வையெல்லாம் அதுவே உறிஞ்சிடும், அலுமினியம்னா முதுகு போயிடும்னு யாராவது சொல்லிடறாங்க, நம்ம ஊர்ல நல்ல ஸ்டீல் டூரிங் சைக்கிள் கம்மி விலைல லேசுல மாட்டாது, வெளிநாட்டுலேர்ந்து வர்றது லட்சத்தைத் தாண்டுது, அதோட நிறைய பேரு டூரிங் ஆசையையே மூட்டை கட்டி வச்சிடறாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா அந்த முதல் கேள்விக்கு கொடுக்கிற முக்கியத்துவமே அதிகம். உக்காந்து ஓட்ட சொகுசா இருக்கா இல்லையாங்கறதுல ஃபிரேமுக்கு பெரிய பங்கு இருக்கு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த ஃபிரேமுக்குள்ள எவ்வளவு தடியான டயர் போகும், அதுல உக்காந்தா உங்க உடம்பு எப்படி மடங்குது, பின் சக்கரம் எவ்வளவு தள்ளி இருக்கு, இந்த மூணு தான் அதை முடிவு பண்ணுது. இந்த மூணும் முப்பதாயிரத்துக்குள்ள கிடைக்கிற ஃபிரேம்லயும் இருக்கலாம், மூணு லட்ச ரூபா ஃபிரேம்ல இல்லாமலும் போகலாம்.

உலோகக் கதையை முதல்ல முடிச்சிடுவோம். சைக்கிள் ஃபிரேம்ங்கறது ரெண்டு முக்கோணம், ஓட்டு வீட்டுக் கூரைக்கு அடியில மரத்துல முக்கோணம் அடிச்சிருப்பாங்களே அதே வேலை தான், மேலேர்ந்து எடை விழுந்தா குழாய் எதுவும் பெருசா வளையாது, நீளவாக்குல அழுத்தத்தையோ இழுப்பையோ தாங்கி நிக்கும். அதனால எந்த உலோகமா இருந்தாலும் மேலயும் கீழயும் ஃபிரேம் ஒரு மில்லிமீட்டர் அசைஞ்சாலே பெரிய விஷயம். அதே சைக்கிள்ல 32 மி.மீ. டயர் போட்டு சரியான காத்து வச்சா நீங்க ஏறி உக்காந்தவுடனே டயர் நாலஞ்சு மில்லிமீட்டர் அமுங்கும், குழியில விழுந்தா இன்னும் அமுங்கும். சீட், சீட் போஸ்ட், ஹேண்டில்பார் டேப் இதெல்லாமும் தன் பங்குக்கு கொஞ்சம் வாங்கிக்கும். இத்தனைக்கும் பின்னாடி கடைசியா தான் ஃபிரேம் உலோகம் வருது.

அப்ப அலுமினியத்துக்கு அந்தக் கெட்ட பேரு எங்கேர்ந்து வந்துச்சு? அலுமினியத்தோட விறைப்பு ஸ்டீலோட விறைப்புல மூணுல ஒரு பங்கு தான், ஸ்டீல் சுமார் 200 கிகாபாஸ்கல்னா அலுமினியம் சுமார் 70, எடையும் அதே மாதிரி மூணுல ஒரு பங்கு. இன்னொரு குணம், அலுமினியம் திரும்பத் திரும்ப வளைஞ்சுக்கிட்டே இருந்தா, வளைவு சின்னதா இருந்தாலும் கூட, என்னைக்காவது ஒரு நாள் விரிசல் விடும், ஸ்டீலுக்கு ஒரு எல்லைக்குக் கீழ அந்தப் பிரச்சினை இல்ல. அதனால வளையவே விடக்கூடாதுன்னு குழாயைத் தடியாக்கிட்டாங்க. அதே சுவர் தடிமன்ல குழாயோட விட்டத்தை ரெண்டு மடங்காக்கினா விறைப்பு எட்டு மடங்கு ஆகும். ஆக நீங்க உணர்ற விறைப்பு பெரும்பாலும் குழாயோட சைஸ்லேர்ந்து வருது. இதுக்கு நல்ல உதாரணம் பிரான்ஸ்ல வந்த விட்டஸ் 979, ஒல்லியான அலுமினியக் குழாயை பசை போட்டு ஒட்டின ஃபிரேம், ஷான் கெல்லி மாதிரி பெரிய ரேஸ் வீரர் ஓட்டினது, அதோட பேரே மெத்துன்னு வளையுற ஃபிரேம்னு தான். அப்புறம் 1983ல அமெரிக்காவுல கேனன்டேல் கம்பெனி தடிக்குழாய் அலுமினியத்துல தன்னோட முதல் சைக்கிளைக் கொண்டு வந்தப்ப அது ரேஸ் சைக்கிள் கூட இல்ல, டூரிங் சைக்கிள். அலுமினியத்துல டூரிங் போக முடியாதுன்னு சொல்றவங்களுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே பதில் வந்தாச்சு.

ஸ்டீலுக்குள்ளயும் இதே குழப்பம் உண்டு. ஹை-டென்சைல் ஸ்டீல், குரோமோலி ஸ்டீல்னு ரெண்டு ஸ்டிக்கர் பாப்பீங்க, ரெண்டோட விறைப்பும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், குரோமோலி பலம் ஜாஸ்தி, அதனால சுவரை ஒல்லியா இழுக்கலாம், ஃபிரேம் எடை குறையும், அவ்வளவு தான் வித்தியாசம். நுனியில தடிமனாவும் நடுவுல மெலிசாவும் குழாய் இழுக்கிற முறைக்கு இங்கிலாந்துல ரெனால்ட்ஸ்காரங்க 1897லயே பேட்டண்ட் வாங்கிட்டாங்க, அவங்களோட பேர் போன 531 குழாய் 1935ல வந்துச்சு. நல்ல பொருள், கையில எடுத்தா எடை குறைச்சல் தெரியும், காசு இருந்தா வாங்குங்க. ஆனா பட்ஜெட் இல்லாதவங்க ஒண்ணு ரெண்டு கிலோ கூடுதல் எடைக்காக தூக்கத்தைக் கெடுத்துக்க வேண்டாம், ஜெர்மனிக்காரர் ஹைன்ஸ் ஷ்டூக்கே 1962ல மூணு கியர் சைக்கிள்ல கிளம்பினவர், சைக்கிள் மட்டுமே இருபத்தஞ்சு கிலோ, அதை வச்சே ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல உலகத்தைச் சுத்தினார்.

ஸ்டீலுக்கு ஒரு நிஜமான சௌகரியம் இருக்கு, உடைஞ்சா எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலயும் ஒட்டிக்கலாம், அலுமினியத்தை ரோட்டோரப் பட்டறையில நம்பிக் கொடுக்க முடியாது. லடாக், நேபாளம்னு மாசக்கணக்கா போறவங்களுக்கு இது பெரிய விஷயம். சென்னைலேர்ந்து பாண்டி, அங்கேர்ந்து வேளாங்கண்ணி, ராமேஸ்வரம்னு போறவங்களுக்கு பஸ்ஸும் ரயிலும் எப்பவும் பக்கத்துல இருக்கு.

சரி, இப்ப டயர் இடம். என்னைக் கேட்டா ஃபிரேம் தேர்வுல பாதி விஷயம் இது தான். முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குக்கு நடுவுலயும், பின்னாடி பெடல் அச்சுலேர்ந்து பின் சக்கரத்துக்குப் போற ரெண்டு குழாய், அதாவது செயின்ஸ்டேக்கு நடுவுலயும் எவ்வளவு இடம் விட்டிருக்காங்களோ அது தான் கடைசி வரைக்கும், பின்னால யாரும் மாத்தித் தர முடியாது. பழைய ரேஸ் மாடல் ஃபிரேம்ல 25, மிஞ்சிப் போனா 28 தான் நுழையும். உங்க எடை எழுபத்தஞ்சு கிலோ, பை பத்து பதினஞ்சு கிலோன்னா அந்த 28 டயர்ல எண்பது தொண்ணூறு பி.எஸ்.ஐ. காத்து வேணும், இல்லன்னா ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் ரிம் இடிச்சு டியூப் ரெண்டு இடத்துல கிழியும். அதே எடைக்கு 38 டயர்னா கிட்டத்தட்ட பாதி காத்து போதும், கை மரத்துப் போறதும் சீட் வலியும் எவ்வளவு குறையுதுன்னு முதல் இருபது கிலோமீட்டர்லயே தெரிஞ்சிடும். தடி டயர்னா மெதுவா போகும்னு ஒரு பயம் இருக்கு, மழமழன்னு இருக்கிற ஈசிஆர்ல வேணா லேசா தெரியலாம், அதை விட்டு உள்ளூர் ரோட்டுக்கு, ஜல்லி பேந்து கிடக்கிற ரோட்டுக்கு திரும்பினா ஒல்லி டயர்காரங்க தான் வேகத்தைக் குறைக்கணும்.

கடையில இதைப் பாக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு 6 மி.மீ. ஆலன் கீ கொண்டு போங்க. பின் டயர் பக்கவாட்டுக்கும் செயின்ஸ்டேக்கும் நடுவுல அதை நுழைச்சுப் பாருங்க, வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை. அப்புறம் ஃபோர்க்குக்குள்ள ரெண்டு பக்கமும், ஃபோர்க் உச்சிக்கு அடியிலயும், பெடல் அச்சுக்குப் பின்னாடி ரெண்டு செயின்ஸ்டேயும் சேர்ற பாலத்துக்கிட்டயும். மாட்டியிருக்கிறது 32 டயரா இருந்து எல்லா இடத்துலயும் கீ தாராளமா போய் வந்தா 38 போடலாம், பக்கத்துக்கு மூணு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும். பாலத்துக்கிட்ட மட்டும் இடிக்கிற ஃபிரேம்கள் நிறைய, அதை யாரும் குனிஞ்சு பாக்கிறதில்ல. மட்கார்டு போடணும்னா இன்னும் கொஞ்சம் இடம் வேணும். கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் மழைக்கு அப்புறம் கரிசல் மண்ல ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பாத்தவங்களுக்கு இந்த இடைவெளி ஏன் முக்கியம்னு விளக்கவே வேண்டாம், களி அப்பி சக்கரமே சுத்தாது. அப்புறம் நம்ம ஊரு சீமைக்கருவேல முள், அதுக்கு பங்க்சர் தடுக்கிற பட்டை உள்ள டயர் வேணும், அந்த மாதிரி டயர்லாம் 32, 35க்கு மேல தான் வகை வகையா கிடைக்குது.

அடுத்தது உக்கார்ற விதம். கடைக்காரர் உங்களை மேலயும் கீழயும் பாத்துட்டு "உங்க ஹைட்டுக்கு மீடியம் சார்"னு சொல்லுவார், அது போதாது, ஒரு கம்பெனியோட மீடியம் இன்னொரு கம்பெனியோட லார்ஜா இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் வெப்சைட்ல ஃபிரேம் அளவு அட்டவணை போட்டிருப்பாங்க, அதுல ஸ்டாக், ரீச்னு ரெண்டு எண் பாருங்க. பெடல் அச்சு நடுவுலேர்ந்து ஹெட் டியூப், அதாவது ஃபோர்க் கழுத்து நுழையுற முன் குழாய், அதோட உச்சி எவ்வளவு உயரத்துல இருக்குங்கறது ஸ்டாக், அதே புள்ளி எவ்வளவு முன்னாடி தள்ளி இருக்குங்கறது ரீச். ஸ்டாக்கை ரீச்சால வகுத்தா ரேஸ் ஃபிரேம்ல 1.4 பக்கம் வரும், 1.5ஐத் தாண்டினா நிமிந்து உக்கார்ற ஃபிரேம்னு எடுத்துக்கலாம், நாள் முழுக்க ஓட்டுறவங்களுக்கு அது தான் வேணும். உங்க பக்க அளவுக்கு, செருப்பில்லாம சுவத்துல முதுகை ஒட்டி நின்னு, கெட்டி அட்டை புஸ்தகம் ஒண்ணை கால் நடுவுல மேல வரைக்கும் இறுக்கி வச்சு, புஸ்தகத்தோட மேல் விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் அளக்கச் சொல்லுங்க. அதை 0.88ஆல பெருக்கினா பெடல் அச்சுலேர்ந்து சீட் மேல் வரைக்கும் வர வேண்டிய உயரம் ஏறக்குறைய கிடைச்சிடும். அந்த உயரத்துல சீட்டை வச்சிட்டு ஹேண்டில்பார் எங்க இருக்குன்னு பாருங்க, டூரிங்குக்கு சீட் மட்டத்துக்கே இருக்கணும், இல்ல ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழ, அதுக்கும் கீழ போனா ஃபிரேம் உங்களுக்குச் சின்னது, இல்லன்னா அது ரேஸ்காரங்களுக்கான ஃபிரேம். இன்னொண்ணு, புதுசா ஃபிரேம் கட்டுற கடையில ஃபோர்க் கழுத்தை அளந்து வெட்டிடுவாங்க, வெட்ட வேண்டாம், ஸ்பேசர் வளையம் போட்டு விடுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. வெட்டினதை ஒட்ட முடியாது.

குள்ளமா இருக்கிறவங்க, முக்கியமா அஞ்சடி உயரத்துப் பெண்கள், இந்த விஷயத்துல ரொம்ப ஏமாத்தப்படறாங்க. 700சிங்கற பெரிய சைஸ் சக்கரத்தை சின்ன ஃபிரேம்ல திணிச்சா ஹேண்டிலைத் திருப்பும்போது ஷூ நுனி முன் சக்கரத்துல தட்டும், தட்டக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க முன்பக்கத்தை நீட்டிடுவாங்க, அப்புறம் கை எட்டாது, தோள்பட்டை வலி வரும், "எனக்கு லாங் ரைடு ஒத்துக்கல"ன்னு அவங்களே முடிவு கட்டிடுவாங்க. ஒத்துக்காதது ஃபிரேம். உலகம் முழுக்க டூரிங்காரங்க கொண்டாடின சர்லி லாங் ஹால் டிரக்கர் ஃபிரேம்லயே சின்ன சைஸ்ல 26 இஞ்ச் சக்கரம் தான் போட்டாங்க. நம்ம ஊர்ல 26 இஞ்ச் டயரும் டியூபும் சின்ன டவுன் கடையில கூட தொங்கும், அதனால சின்ன ஃபிரேம், 26 சக்கரம், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்னு கிடைச்சா யோசிக்காம எடுங்க.

மூணாவது பின்பக்கத்து நீளம், அதாவது செயின்ஸ்டே. பெடல் அச்சு நடுவுலேர்ந்து பின் சக்கர அச்சு நடு வரைக்கும் தையல்கார டேப் வச்சு நீங்களே அளக்கலாம். ரேஸ் சைக்கிள்ல 405லேர்ந்து 415 மி.மீ. இருக்கும், டூரிங் ஃபிரேம்ல 440லேர்ந்து 460, அந்த லாங் ஹால் டிரக்கர் 460. நாலு சென்டிமீட்டர் தானேன்னு தோணும், ஆனா கேரியர்ல ரெண்டு பக்கமும் பை தொங்கவிட்டு பெடல் பண்ணிப் பாருங்க, நீளம் கம்மியா இருந்தா ஒவ்வொரு சுத்துக்கும் குதிகால் பையில இடிக்கும், இடிக்காம இருக்க பையைப் பின்னாடி தள்ளினா எடை அச்சுக்குப் பின்னாடி போயிடும், ஏத்தத்துல முன் சக்கரம் லேசாகி அலையும். கொல்லிமலை எழுபது வளைவுல ஏறும்போது அது உயிரை எடுத்துடும். இங்க தான் விறைப்பும் கைகொடுக்குது, ஒல்லியான மெத்து ஃபிரேம்ல பின்பக்கம் பதினஞ்சு கிலோ ஏத்தினா இறக்கத்துல ஹேண்டில் நடுங்க ஆரம்பிக்கும், தடிக்குழாய் ஃபிரேம் அதே எடையில சாதுவா இறங்கும். நேர் ஹேண்டில் வச்ச கம்மி விலை அலுமினிய ஹைப்ரிட் சைக்கிளை கிண்டல் பண்றவங்க இதை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்.

இந்த மூணையும் ஒரே இடத்துல பாக்கணும்னா நம்ம அப்பா, தாத்தா ஓட்டின பழைய கறுப்பு சைக்கிளை டேப் வச்சு அளந்து பாருங்க. 28க்கு 1½ டயர், அதாவது 40 மி.மீ. அகலம், சாஞ்ச முன் ஃபோர்க், நீளமான அடிப்பாகம், நிமிந்த ஹேண்டில், ஸ்பிரிங் சீட். அதுல வாழைத்தாரும் பால் கேனும் ஏத்திக்கிட்டு மேடு பள்ளத்துல போனாங்க, உலோகம் சாதா ஸ்டீல் தான். முருகப்பா குழுமமும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேந்து 1949ல ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல இந்த மாதிரி சைக்கிளை லட்சக்கணக்குல செஞ்சுது, 531 குழாய் செஞ்ச ரெனால்ட்ஸும் அப்ப அந்த இங்கிலாந்து குழுமத்துக்குள்ள தான் இருந்துச்சு. ஒரே குடும்பத்துல ஒசத்தி குழாயும் இருந்துச்சு, சாதா குழாயும் இருந்துச்சு, சாதா குழாய்ல செஞ்சதும் உக்கார சுகமாத்தான் இருந்துச்சு. கியர் இல்ல, பிரேக் பலவீனம், எடை இருபது கிலோ, அதனால அதையே டூருக்கு எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த அளவுகளை மனசுல வச்சுக்கிட்டு கடைக்குப் போங்க.

மத்த சமாச்சாரமெல்லாம் சீக்கிரம் பாத்துடலாம். பின் அச்சுக்கிட்டயும் சீட்டுக்கு அடியிலயும் கேரியர் மாட்ற மரை ஓட்டை இருக்கணும், கிளிப் போட்டு மாட்ற கேரியர் பத்து கிலோவுல நழுவும். டிஸ்க் பிரேக்னா அது கேரியர் காலை இடிக்குதான்னு பாருங்க. கம்மி விலை சஸ்பென்ஷன் ஃபோர்க் வேண்டவே வேண்டாம், அது மட்டுமே ரெண்டு கிலோவுக்கு மேல, ஏத்தத்துல நீங்க போடுற பலத்தைக் குடிக்கும், முன்னாடி பை மாட்டவும் விடாது. சீட் போஸ்ட் ஒல்லியா 27.2 மி.மீ. போகிற ஃபிரேம்னா நல்லது, தடி போஸ்ட்டை விட அது கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு உக்கார்ற பாகம், மரை போட்டு மாட்ற பிஎஸ்ஏ டைப்பா இருக்கட்டும், நூறு வருஷத்துக்கு மேல ஓடிக்கிட்டு இருக்கிற அளவு, அமுக்கி மாட்ற புது வகைக்கு தேவையான டூல் திண்டிவனத்துலயோ பரமக்குடியிலயோ தேடி அலையணும்.

இதெல்லாம் சேத்துப் பாத்தா பட்ஜெட்ல மூணு வழி இருக்கு. சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க் போட்ட, 38 டயர் போகிற அலுமினிய ஹைப்ரிட், புதுசு. இல்லன்னா ஆரம்ப நிலை கிராவல் சைக்கிள், அதாவது தடி டயர் போகிற, வளைஞ்ச ஹேண்டில் சைக்கிள், கொஞ்சம் கூட காசு. மூணாவது பழைய எம்டிபியை, அதாவது மவுண்டன் பைக்கை, செகண்ட்ஹேண்ட்ல வாங்கி ஃபோர்க்கை மாத்திக்கிறது, இது எனக்குப் பிடிச்ச வழி, ஆனா ஃபிரேமை நல்லா சோதிக்கணும். பெடல் அச்சுலேர்ந்து முன்னாடி சாய்வா ஏறுற டவுன் டியூப் ஹெட் டியூபோட சேர்ற இடத்துக்கு அடியில விரலை வச்சுத் தடவுங்க, பெயிண்ட்ல சின்ன சுருக்கமோ மேடோ தட்டுப்பட்டா முன்பக்கம் எங்கயோ மோதின வண்டி, விட்டுடுங்க. வெல்டிங் ஓரம் எல்லாம் நகத்தால கீறிப் பாருங்க, விரிசல் இருந்தா நகம் மாட்டும். அப்புறம் நூல் சோதனை. பின் சக்கரத்தைக் கழட்டிட்டு அச்சு மாட்ற இடத்துல ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னாடி கொண்டு போய் ஹெட் டியூபைச் சுத்தி, மறுபக்கத்து அச்சு இடத்துல இழுத்துக் கட்டுங்க. சீட் போஸ்ட் நுழையுற சீட் டியூபுக்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஸ்கேல் வச்சு அளந்தா ஒரே அளவு வரணும், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்ல, மூணு நாலுன்னா பின்பக்கம் கோணிக்கிச்சுன்னு அர்த்தம். விக்கிறவர் இதுக்கு பத்து நிமிஷம் தரமாட்டேன்னா அந்த வண்டி வேண்டாம்.

ஃபிரேமுக்குப் போக மிச்சம் இருக்கிற காசுல முதல்ல நல்ல டயர், அடுத்து உங்க இடுப்பெலும்புக்குப் பொருந்துற சீட், அப்புறம் இருபத்தஞ்சு கிலோ தாங்குற கேரியர். கியர் செட்டுக்கு மேல காசு போட வேண்டியதில்ல, முன்னாடி மூணு பல்சக்கரம் வச்ச விலை கம்மியான எம்டிபி செட்லயே முன்னாடி 22 பல்லு, பின்னாடி 32, 34 வந்துடுது, பை கட்டிக்கிட்டு வால்பாறை ஏற அந்தப் பல்லு தான் வேணும், விலை கூடின ரோடு செட்ல அவ்வளவு லேசான கியர் வர்றதில்ல.